ஈறு ஆறும் வரை

பள்ளி ஓட்டப் போட்டியில் குப்புற விழுந்து என் முன்பல் ஒன்று ஈறு ஓரம் வரை உடைந்துபோனது. அந்த இடத்தைப் பல் நிறத்துப் பசை வைத்து இரண்டு முறை அடைத்தார்கள். இரண்டு முறையும் ஓரத்தில் பழுப்பாக ஒரு கோடு வந்தது, பிறகு விழுந்தது. பழி மட்டும் என் மேல். முறுக்குக் கடித்தாயா, கோபத்தில் பல்லை நறநறவென்று கடித்தாயா என்று வீட்டில் ஆளாளுக்கு விசாரணை. கடைசியாக விழுந்தது இட்லி தின்னும்போது. அதற்கும் அம்மா, "உன் வாய் அப்படி லா" என்றார்.

அது என் நிச்சயதார்த்த வாரம்.

டவுனில் வழக்கமாகப் போகும் கிளினிக் வேண்டாம் என்று புக்கிட் பெருவாங்கில் ஒரு பெண் டாக்டரிடம் போனேன். அம்மாவும் கூடவே வந்தார். டாக்டர் தொட்டதும் ஈறில் ரத்தம் கசிந்தது. முன்பு அடைத்தபோதும் இப்படி வந்ததா என்று கேட்டார். வந்தது, ஏதோ பழுப்பு மருந்தைத் தடவி நிறுத்தினார்கள், துடைத்துவிட்டு உடனே ஒட்டினார்கள் என்றேன்.

"ரத்தம் இருந்தா பசை பிடிக்காது. அத நிறுத்துற மருந்து பல்லுமேல தங்கினாலும் சரியா பிடிக்காது. நல்லா கழுவணும். கழுவினா திரும்ப ரத்தம் வரும்னு சில பேரு துடைச்சதோட விட்டுருவாங்க. அப்புறம் ஓரத்துல இடுக்கு விழும், எச்சி, தேத்தண்ணி, குழம்பு எல்லாம் உள்ள இறங்கும். அந்தக் கோடு அதுவாத்தான் இருக்கும்."

நான் திரும்பி அம்மாவைப் பார்த்தேன். அவர் சுவரில் இருந்த பல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிம்மதி வர வேண்டிய நேரத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. எத்தனை வருடத் திட்டு.

"ஈறு வீங்கியிருக்கு. சுத்தம் பண்ணி விடறேன், ஆறினதும் அடுத்த வாரம் ஒட்டினா நிக்கும். இன்னிக்கே வேணும்னா அந்த மாதிரி மருந்து நிறைய வைக்கணும். திரும்ப விழலாம். நீங்கதான் சொல்லணும்."

"ஞாயித்துக்கிழமை நிச்சயம் டாக்டர். இன்னிக்கே ஒட்டிருங்க" என்று அம்மா முந்திக்கொண்டார்.

"அடுத்த வாரம் வரேன் டாக்டர்" என்றேன்.

தங்கா பத்துவுக்குத் திரும்பும் வழியில் அம்மா காரை நிறுத்தச் சொல்லிப் படிகாரம் வாங்கினார். சவரம் செய்யும்போது வெட்டிக்கொண்டால் அப்பா தேய்க்கும் அதே கல்.

"இதக் கரைச்சு வாய் கொப்புளி, ரத்தம் நின்னுரும். சனிக்கிழமை பழைய கிளினிக்ல ஒட்டிக்கலாம்."

"ரத்தம் நின்னா மட்டும் போதாதுன்னுதானே இப்ப சொன்னாங்க? இதுவும் அந்தப் பழுப்பு மருந்து மாதிரிதான்மா."

"அப்ப ஓட்டைப் பல்லோட உக்காரப் போறியா? மாப்பிள்ள வீட்டுல என்ன நினைப்பாங்க?"

"பல்லு இல்லன்னு நினைப்பாங்க."

அம்மா அழுதார். ஆனாலும் படிகாரத்தைத் தொடவில்லை. மாப்பிள்ளைக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். "நீ சண்ட போடுறப்ப எப்படியும் தெரியத்தானே போவுது" என்றார். இந்த ஆளைக் கட்டிக்கொள்ளலாம் என்று அன்றைக்கு முழுசாக முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மேடைக்குக் கீழே நின்று அம்மா வாயை மூடிக்கொள் என்று தன் உதட்டில் விரலை வைத்து வைத்துக் காட்டினார். மாப்பிள்ளையின் அத்தை லட்டு ஊட்டும்போது ஓட்டையைப் பார்த்துவிட்டு, "பல்லு எங்கம்மா?" என்று கேட்டார். "அடுத்த வாரம் வருது அத்தை" என்றேன். அவர் சிரித்தார், நானும் வாய் கொள்ளாமல் சிரித்தேன். படம் எடுப்பவர் அதை எடுத்துவிட்டார்.

சொன்னபடி அடுத்த வாரம் ஒட்டினார்கள். ஈறு ஆறியிருந்ததால் மருந்தே தேவைப்படவில்லை. இன்று வரை அந்தக் கோடு வரவில்லை. அம்மா முன்னால் உட்கார்ந்து வேண்டுமென்றே முறுக்குக் கடிப்பேன்.

ஆல்பம் தயாரானபோது படம் எடுப்பவர் கூப்பிட்டார். "தங்கச்சி, அம்மா சொன்னாங்க. அந்த லட்டுப் படத்துல கம்ப்யூட்டர்ல ஒரு பல்லு ஒட்டிரவா? யாருக்கும் தெரியாது."

"வேணாண்ணே. அவசரத்துல ஒட்டினது எதுவும் என் வாயில நிக்காது" என்றேன். "அப்படியே பெருசா போடுங்க. அதுதான் முதல் பக்கம்."