உப்பில்லாத தபசுக்காலம்

முயல்களைத் தூக்கித் தூக்கி எனக்கு அலுத்துப்போயிருந்த காலம் அது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சு மருத்துவத் துரையிடம் உதவியாளாக இருந்தேன். முயல்கள், தெருநாய்களின் இதயத்திலிருந்து புறப்படும் பெரிய குழாயைச் சுற்றி அவர் நூல் கட்டி அதைப் பாதி இறுக்குவார். அன்றிலிருந்து அந்த இதயம் கூடுதலாகப் பாடுபட்டுத்தான் இரத்தத்தைத் தள்ள வேண்டும். அந்தப் பிராணிகளுக்குத் தீனி போடுவதும், பிறகு அவர் அறுத்தெடுக்கும் இதயத்தைக் கழுவித் தட்டில் வைப்பதும் என் வேலை.

எல்லா உயிரும் ஒரே மாதிரி தாங்குவதில்லை. உலக்கை பிடித்த கை காய்த்துப்போவதுபோல எல்லாவற்றுக்கும் இதயச் சுவர் தடித்தது. ஆனால் எங்கள் முயல்கள் சீக்கிரமே மூச்சு வாங்கி, நுரையீரலில் நீர் கோத்துச் செத்தன. தெருநாய்களோ அதே தடித்த இதயத்தோடு மாதக்கணக்கில் வாலாட்டிக்கொண்டு கிடந்தன. ஏனென்று துரைக்கும் தெரியவில்லை.

நமக்கென்ன என்று இருந்திருப்பேன், வீட்டில் அக்கா இல்லாதிருந்தால். முத்தியால்பேட்டையில் என்னோடு இருந்த ஒரே சொந்தம். கால்கள் வீங்கியிருந்தன; படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று சுவரில் சாய்ந்தே தூங்குவாள். துரை அவள் கையில் பட்டையைச் சுற்றி இரத்த அழுத்தம் பார்த்தார். யாரும் நூல் கட்டாமலே, அழுத்தம் ஏறி இவள் இதயமும் அப்படித்தான் திணறுகிறது என்றார். அழுத்தத்துக்கு மருந்து கிடையாது, உப்பை விட்டால் கொஞ்சம் இறங்கலாம் என்றும் சொன்னார்.

மனித இதயம் முயலைப் போலவா, நாயைப் போலவா என்று கேட்டேன். தோளைக் குலுக்கினார். இத்தனை முயல்களைக் கொன்றும் இதற்குப் பதில் இல்லையா என்று எரிச்சலாக வந்தது.

அக்காவுக்குக் கருவாடில்லாமல் சோறு இறங்காது. "உப்பில்லாத கஞ்சிய நீயே குடிடா" என்றாள். கெஞ்சினேன், கத்தினேன், ஓய்ந்துபோனேன். அதற்குள் உயிர்த்த ஞாயிறு வரை நாற்பது நாள் நோன்பிருக்கும் தபசுக்காலம் வந்தது. எங்கள் தெருவில் ஆளுக்கொன்றை ஆண்டவருக்காக விடுவார்கள். ஒருவர் சுருட்டை விடுவார், இன்னொருவர் கள்ளை. தபசு தொடங்கும் விபூதிப் புதனன்று மாதா கோயிலிலிருந்து வந்தவள், "இந்த வருசம் உப்ப விட்டுட்டேன்" என்றாள்.

தம்பி சொல்லிக் கேட்காதவள் ஆண்டவருக்காக ஒரு கல் உப்பைத் தொடவில்லை. கால் வீக்கம் வடிந்தது. தபசு முடிய ஒரு வாரம் இருக்கும் குருத்தோலை ஞாயிறுக்குள் பாயில் மல்லாந்து படுத்துத் தூங்கினாள். அவள் மூச்சு சீராக வந்ததைக் கேட்டு நான் அழுதேன்.

உயிர்த்த ஞாயிறுக்கு முந்தின நாள் குருசுக்குப்பம் வரை தானே நடந்துபோய்க் கருவாடு வாங்கி வந்தாள்.

"இன்னும் கொஞ்ச நாள் விட்டுடுக்கா. உடம்பு தேறிக்கினு வருது."

"தபசுதான் முடியுதே. பண்டிகையிலயும் நோம்பு இருந்தா சாமி கோவிச்சுக்கும்டா."

மறுநாள் கருவாட்டுக் குழம்பை ஊற்றிப் பிசைந்து, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாள். அத்தனை சந்தோஷத்தின் முன்னால் தட்டைப் பிடுங்க எனக்குக் கை வரவில்லை.

மழை தொடங்கியபோது கால் மறுபடி வீங்கியது. மறுபடி கெஞ்சினேன்.

"அடுத்த தபசுக்கு விட்டுடுறேன்டா, சத்தியமா" என்றாள்.

கிறிஸ்துமஸுக்கு முன்பே அவளை அடக்கம் செய்தோம்.