முடியாது என்று சொன்ன மருத்துவச்சி

மூத்தவளை ஆஸ்பத்திரியில் பெற்றேன். யாரும் எனக்குக் கெடுதல் செய்யவில்லை. ஆனால் வலி தொடங்கியதிலிருந்து என் கணவரை உள்ளே விடவில்லை. ஷிஃப்ட் மாறியபோது சுற்றியிருந்த முகங்களும் மாறின. தெரிந்த குரல் ஒன்றுகூட இல்லாமல் பிள்ளை பெற்றது மனதில் அப்படியே தங்கிவிட்டது. அதனால் இரண்டாவது உண்டானபோது, எங்கள் ஊரான செண்டாயானில், வீட்டிலேயே பெற்றுக்கொள்வது என்று தீர்மானித்தேன்.

பதிவு பெற்ற மருத்துவச்சி கிடைத்தால் மட்டும் சரி என்றார் கணவர். அவர் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவில் இருப்பவர். கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் வெளியேறும் வழி எங்கே என்றுதான் முதலில் பார்ப்பார்.

எங்களோடு இருந்த அவருடைய அம்மா, என் அத்தை, எனக்குத் துணை நிற்பார் என்று நினைத்திருந்தேன். சுவா பக்கம் ஒரு தோட்டத்தில், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீட்டில் பிள்ளை பெற்றவர் அவர். ஆனால் சொன்னது வேறு.

“எங்களுக்கு வேற வழி இல்ல, லயத்துல பெத்தோம். உனக்குத்தான் வழி இருக்கே?”

பிறகு, கையில் இருந்த பயற்றங்காயை நறுக்கிக்கொண்டே, என் கணவருக்கு முன்னால் ஒரு பெண் பிறந்ததையும், அது மூச்சு விடாமலே போனதையும் சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போகத் தோட்டத்து லாரி வந்து சேர நேரமாகிவிட்டதாம். இத்தனை வருடத்தில் எனக்கு அது தெரியாது. கணவருக்கும் தெரியாது. கொஞ்ச நாள் மருத்துவச்சி தேடுவதை நிறுத்திவைத்தேன். ஆசை மட்டும் போகவில்லை.

முதலில் போனது அம்பாங்கானில் ஒரு பெண்ணிடம். தோழி சொன்ன இடம். அறையில் நல்ல வாசனை, மெல்லிய இசை. பெண்ணின் உடம்புக்குப் பெற்றுக்கொள்ளத் தெரியும், பயம்தான் கெடுக்கிறது என்று அவர் சொன்னபோது எனக்குக் கண் கலங்கியது. பதிவு இருக்கிறதா என்று கணவர் கேட்டார். வெளிநாட்டில் பயிற்சி எடுத்ததாகப் பதில் வந்தது. ரத்தப்போக்கு வந்தால் என்ன செய்வீர்கள் என்று நான் கேட்டேன். அதையெல்லாம் நினைக்கக் கூடாது, நினைத்தால்தான் நடக்கும் என்றார்.

காரில் கணவர்மேல் எனக்குக் கோபம். அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்திருந்தது. சிக்னலில் நின்றபோதுதான் உறைத்தது: மடியில் வைத்திருந்த என் கிளினிக் அட்டையை அந்தப் பெண் கேட்கவே இல்லை. என் முதல் பிரசவம் எப்படி இருந்தது என்றும் கேட்கவில்லை.

அடுத்த பரிசோதனையில் கிளினிக் தாதியிடம் உண்மையைச் சொன்னேன். ஆஸ்பத்திரிதான் நல்லது என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். பிடிவாதம் என்றால் ஒழுங்கானவரிடம் போ என்று, சுவாவில் இருந்த, எல்லோரும் மிஸ்ஸி என்று கூப்பிடும் நர்ஸம்மா ஒருவரைக் காட்டிவிட்டார். அரசாங்கத்தில் மருத்துவச்சியாக இருந்து ஓய்வு பெற்றவர். லைசென்ஸைத் தவறாமல் புதுப்பித்து வைத்திருப்பவர்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். அப்போதுதான் சர்ச்சிலிருந்து வந்திருந்தார், சேலைகூட மாற்றவில்லை. உட்காரச் சொல்லிவிட்டு அட்டையை முதல் பக்கத்திலிருந்து படித்தார். போன முறை நஞ்சுக்கொடி விழ நேரமானதா, எவ்வளவு ரத்தம் போனது, ஆஸ்பத்திரிக்கு யார் கார் ஓட்டுவது, மூத்தவள் யாரிடம் இருப்பாள் என்று கேட்டுக்கொண்டே போனார். என் முறை வந்ததும், கடைசியாக எப்போது ஒருவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினீர்கள் என்று கேட்டேன்.

“போன மாசம்தான். பிள்ளையோட நெஞ்சுத் துடிப்பு எனக்குப் பிடிக்கல. போற வழியெல்லாம் அந்தப் பொண்ணு என்னைத் திட்டிக்கிட்டே வந்தா. நல்லபடியா பெத்துட்டா. இன்னும் என்கூட பேசல லா.”

பையைத் திறந்து காட்டச் சொன்னேன். முகம் சுளிக்காமல் காட்டினார்: ரத்தப்போக்கை நிறுத்தும் ஊசி மருந்து, குழந்தைக்குக் காற்று கொடுக்கும் சின்ன முகமூடி. எல்லாம் சரி என்று நான் நிமிர்ந்தபோது அவர் அட்டையை மூடினார்.

“இப்ப உன்னை எடுக்க முடியாதும்மா. ரத்தம் கம்மியா இருக்கு. நல்லா சாப்பிட்டு ஏத்திக்கிட்டு வா, பார்க்கலாம்.”

வீட்டுக்கு வரும்வரை அழுதேன். அத்தை விசாரித்தார். விஷயத்தைச் சொன்னதும், “முடியாதுன்னா சொன்னா?” என்று இரண்டு முறை கேட்டார். மறுநாள் பாசாரிலிருந்து முருங்கைக் கீரையும் ஈரலும் வந்தன. சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால் ரத்தம் ஊறாது என்று குடிக்க விடவில்லை. ஆஸ்பத்திரியில் பெற்றாலும் ரத்தம் வேண்டுமே என்றார். மாத்திரையும் ஈரலுமாக வாரங்கள் போயின. ரத்தம் ஏறியது.

மிஸ்ஸி வீட்டைப் பார்க்க வந்தார். குறுகலான மாடிப்படியைப் பார்த்ததுமே கீழ் அறைதான் என்று முடிவு சொன்னார். சாயங்கால நெரிசலில் ஆஸ்பத்திரிவரை ஒருமுறை ஓட்டிப் பார்க்கச் சொன்னதும், கணவருக்கு அவரைப் பிடித்துப்போனது. பிரசவத்துக்கு இன்னொரு மருத்துவச்சியையும் கூட்டி வருவதாகவும், ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று தான் சொன்னால் மறுபேச்சு இல்லாமல் கிளம்ப வேண்டும் என்றும் சொன்னார். நான் சம்மதித்தேன்.

அத்தை தன் முதல் பிள்ளையைப் பற்றி அவரிடம் சொன்னார். அந்த மாதிரி ஆனால் என்ன செய்வாய் என்று கேட்டார். அப்படி ஆகாது என்று மிஸ்ஸி சொல்லவில்லை.

“மூச்சு விடலன்னா நான் காத்து குடுப்பேன்க்கா. குடுத்துக்கிட்டே ஆஸ்பத்திரிக்குப் போவோம். அதுக்கு மேல என் கையில இல்ல.”

 “அப்ப நானும் உள்ள இருப்பேன்,” என்றார் அத்தை.

வலி ஒரு சனிக்கிழமை காலையில் வந்தது. மூத்தவள் பக்கத்து வீட்டுக்குப் போனாள். மத்தியானம் பெரிய மழை. கணவர் என் முதுகைத் தேய்த்தார், அத்தை என் தலைமாட்டில் இருந்தார், இரண்டு மருத்துவச்சிகளும் அதிகம் பேசாமல் அடிக்கடி குழந்தையின் துடிப்பைக் கேட்டார்கள். எந்தக் குரலும் எனக்கு அந்நியமாக இல்லை.

பிள்ளை பிறந்ததும் அழவில்லை. மிஸ்ஸி துண்டால் முதுகை அழுத்தித் தேய்த்தார். மற்றவர் முகமூடியைக் கையில் எடுத்துவிட்டார். அத்தையின் நகங்கள் என் தோளில் இறங்கின. அப்போது குழந்தை ஒரு தும்மல் போட்டு, அழத் தொடங்கியது. பெண். அத்தை என் தோளை விடாமல், சத்தமில்லாமல் அழுதார்.

ரத்தப்போக்கு அடங்கிய பிறகுதான் மிஸ்ஸி உட்கார்ந்தார். மழை விட்டதும் மூத்தவள் ஈரக் காலோடு ஓடி வந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு குழந்தையை வெகுநேரம் பார்த்தாள். பாப்பாவைக் கொண்டு வந்தது நீங்களா என்று மிஸ்ஸியிடம் கேட்டாள்.

“நான் இல்ல லா. உங்கம்மாதான்,” என்றார் அவர், அத்தை நீட்டிய தேத்தண்ணியை வாங்கிக்கொண்டே.