டாப் மாடலா, பேஸ் மாடலா: சர்வீஸ் கவுன்டரில் கேட்டவை

வண்டி வாங்க வருகிறவர்கள் இனிப்பு சாப்பிட்டுவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். அதே ஆட்கள் சர்வீஸ் கவுன்டருக்கு வரும்போதுதான் அவர்களுடைய நிஜக் குரல் கேட்கும். திருச்சி பைபாஸில் இருக்கிற எங்கள் ஷோரூமில் பன்னிரண்டு வருஷமாக அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கிறவள் நான். பெயர் ஸ்டெல்லா, வேலை சர்வீஸ் அட்வைசர். வாடிக்கையாளர் சொல்வதை மெக்கானிக்குக்குப் புரிகிற மாதிரி எழுத வேண்டும். மெக்கானிக் சொல்வதை வாடிக்கையாளருக்குக் கோபம் வராத மாதிரி சொல்ல வேண்டும். நீங்களும் ஏதாவது ஒரு கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்தவர் என்றால் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

நாங்கள் விற்பது மணல், சேறு, மேடு என்று எல்லாவற்றிலும் ஏறுகிற ஜீப் வகை வண்டி. டாப் மாடலில் பெரிய டயர், அடியில் கல் இடிக்காமல் இருக்க அடித்தகடு, மாட்டிக்கொண்டால் இழுத்துக்கொள்ள வின்ச் என்று எல்லாவற்றையும் கம்பெனியே போட்டுத் தரும். பேஸ் மாடலில் நான்கு சக்கரமும் இழுக்கும், அவ்வளவுதான். மற்றதை நாமே வெளியில் வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டும். எது நல்லது என்று என்னிடம் கேட்காதவர் இல்லை.

குட்டி லீவர்

தில்லை நகரில் கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டர் ஒருவர் டாப் மாடல் வாங்கினார். அதில் இல்லாத வசதி இல்லை. ஆறு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்தார். கொள்ளிடக் கரையில் நண்பருடைய தோப்புக்குப் போன இடத்தில் மணலில் சிக்கிவிட்டாராம். "இவ்வளவு கொடுத்து வாங்கியும் ஃபோர் வீல் வேலை செய்யல. நீங்க வந்து வண்டியைத் தூக்கிட்டுப் போங்க" என்றார். பின்னால் அவர் மனைவி ஏதோ சொல்லிச் சிரிப்பதும் கேட்டது.

எங்கள் ஃபோர்மேன் சலீம் பாயை அனுப்பினேன். அவர் போய்ப் பார்த்தால், நான்கு சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கிற குட்டி லீவர் ஷோரூமில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. டாக்டர் அதை ஒரு நாளும் தொட்டதில்லை. சலீம் பாய் லீவரை மாற்றிப் போட்டார். வண்டி தானாக ஏறி வந்துவிட்டது. மறுநாள் நான் தயங்கித் தயங்கி, டெலிவரி அன்றைக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லையா என்று கேட்டேன். டாக்டர் நல்ல மனிதர், மறைக்கவில்லை.

"சொல்லித் தந்தாங்கம்மா. நான்தான் அப்போ மாலையோட போட்டோவுக்கு நின்னுக்கிட்டு இருந்தேன்."

எக்செல் ஷீட்

துவாக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு இன்ஜினியரிங் பேராசிரியர். பேஸ் மாடல் வாங்கி, ஒரு வருஷத்தில் தானே டாப் மாடலை விட நல்ல வண்டியாக ஆக்கிக் காட்டுகிறேன் என்று எக்செல் ஷீட் போட்டுக்கொண்டு கிளம்பியவர். டயரைப் பெரிதாக்கினார். டயர் இடித்தது என்று ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை உயர்த்தினார். உயர்த்தியதும் ஸ்டியரிங் ஆட ஆரம்பித்தது. அதற்கு வாரண்டி கேட்டு என்னிடம் வந்தார். வெளியில் மாற்றியதற்கு வாரண்டி கிடையாது என்றேன். லேப்டாப்பைத் திறந்து, தப்பு கம்பெனியின் டிசைனில்தான் என்று முக்கால் மணி நேரம் நிரூபித்தார். எனக்குப் பாதி புரிந்தது. அந்தப் பாதி சரியாகத்தான் இருந்தது.

கிளம்பும்போது அவர் மனைவி பின் சீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்துத் தரையில் போட்டு, அதில் ஏறி, முன் சீட்டில் உட்கார்ந்து, குனிந்து ஸ்டூலை உள்ளே இழுத்துக்கொண்டார். ரொம்பப் பழகிய கை. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"எல்லாத்தையும் கணக்குப் போட்டார் மேடம், என் உயரத்தை மட்டும் விட்டுட்டார்."

சிவப்பு ஒயர்

ஜீயபுரம் தங்கராசு வாழை விவசாயி. ஆற்றை ஒட்டிய படுகையில் அவருக்குத் தோட்டம். வண்டி வாங்குவதற்கு முன்பே என்னிடம் வந்து யோசனை கேட்டார். "உங்களுக்கு பேஸ் போதுங்க. வேணுங்கிறதை வெளிய போட்டுக்கலாம்" என்று சொன்னவள் நானேதான். வாங்கினார். முன்னால் நாலு பெரிய விளக்கு போட்டுக்கொண்டார். அடுத்த சர்வீஸில் சலீம் பாய் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். விளக்குக்கான சிவப்பு ஒயரை, பேட்டரியிலிருந்து தனியாக இழுக்காமல், என்ஜினுக்குப் போகிற ஃபியூஸிலிருந்தே யாரோ எடுத்திருந்தார்கள். தண்ணீர் பட்டு ஷார்ட் ஆனால் ஃபியூஸ் போய் வண்டியே நின்றுவிடும். தங்கராசுவிடம் சொன்னேன். "அப்புறம் பாத்துக்கலாம் மேடம்" என்றார். நானும் வற்புறுத்தவில்லை. ஜாப் கார்டில் 'வெளி வேலை, நாங்கள் பொறுப்பல்ல' என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். எழுதியதோடு என் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

காவிரியில் தண்ணீர் நிறைய வந்த வருஷம் அது. ஒரு நாள் காலை பத்து மணிக்குத் தங்கராசுவிடமிருந்து போன். பிரசவத்துக்கு வந்திருந்த மகளுக்கு வலி எடுத்துவிட்டது. 108க்குச் சொல்லியிருக்கிறார்கள், ரோட்டில் தண்ணீர் நிற்பதால் அது சுற்றிக்கொண்டு வருகிறது. காத்திருக்க முடியாமல் இவரே மகளை ஏற்றிக்கொண்டு கிளம்ப, முழங்கால் தண்ணீரில் வண்டி நின்றுவிட்டது. "மேடம், ஏதாவது சொல்லுங்க மேடம்" என்கிறார். பின்னால் அந்தப் பெண் முனகுவது கேட்கிறது. ஜாப் கார்டில் நான் எழுதிய வரிதான் கண்ணுக்கு முன்னால் வந்தது.

போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு சலீம் பாயிடம் ஓடினேன். அவர் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. "பானெட்டைத் திறங்கண்ணே. விளக்குக்குப் போற சிவப்பு ஒயரைப் பிடிச்சு இழுத்துப் பிடுங்கிடுங்க. பக்கத்துல கறுப்பு டப்பா இருக்கும். அதோட மூடிக்கு உள்பக்கம் ஸ்பேர் ஃபியூஸ் இருக்கும். கருகிப் போனதை எடுத்துட்டு அதே கலர்ல ஒண்ணைச் சொருகுங்க." அந்தப் பக்கம் பானெட் திறக்கிற சத்தம். பிறகு செல்ஃப் எடுக்கிற சத்தம். இரண்டாவது முறை என்ஜின் பிடித்துக்கொண்டது. போன் கட்டாகிவிட்டது. நானும் சலீம் பாயும் அந்த ஒர்க்ஷாப் நடுவில் அப்படியே நின்றுகொண்டிருந்தோம். மத்தியானத்துக்கு மேல்தான் தகவல் வந்தது: பெண் குழந்தை, இருவரும் நலம்.

இரண்டு வாரம் கழித்துத் தங்கராசு வண்டியைக் கொண்டுவந்தார். அவர் கேட்பதற்கு முன்னால், அன்றைக்கே நான் விடாமல் சொல்லியிருக்க வேண்டும், என் மேல்தான் தப்பு என்றேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"உங்க மேலயும் தப்பில்ல, வண்டி மேலயும் தப்பில்ல மேடம். இவ்வளவு பெரிய வண்டியை வாங்கிட்டு, ஒரு முழம் ஒயருக்குக் கஞ்சத்தனம் பண்ணேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

அதற்குப் பிறகு ஜாப் கார்டில் அந்த வரியை எழுதினால், வேலையைச் சரிசெய்யச் சம்மதிக்கிற வரை சாவியைக் கொடுக்காமல் பேசிக்கொண்டே இருப்பேன். நிறையப் பேருக்கு என்னைப் பிடிக்காமல் போனது.

மூன்று தடவை

ஸ்ரீரங்கம் உத்தர வீதியிலிருந்து ரங்கராஜன் ஸ்வாமி. ரிட்டயரானதும் மலைமேல் இருக்கிற திவ்யதேசங்களையெல்லாம் சேவிக்க வேண்டும் என்று டாப் மாடல் வாங்கினார். வெளியில் ஒரு சீட் கவர்கூடப் போட மாட்டார். முதல் சர்வீஸுக்கு வந்தவர், இறக்கத்தில் வண்டியைத் தானாகப் பிடித்துக்கொள்ளும் பட்டன் எத்தனை வேகம் வரைக்கும் வேலை செய்யும் என்று கேட்டார். நான் ஒன்று சொன்னேன். சேல்ஸிலிருந்து வந்தவர் வேறொன்று சொன்னார். ஸ்வாமி பையிலிருந்து வண்டியோடு கொடுத்த புத்தகத்தை எடுத்தார். பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடு. சரியான விடையைத் தொட்டுக் காட்டிவிட்டு, கோபமே இல்லாமல் கேட்டார்:

"அடியேன் இதை ஆத்யந்தம் மூணு தடவை வாசிச்சுட்டேன், இங்கே யாராவது ஒரு தடவையாவது வாசிச்சிருக்கேளா?"

சலீம் பாயின் பதில்

போன மாதம் ஒரு இளம் தம்பதி வந்தார்கள். எது வாங்குவது என்று வீட்டிலேயே சண்டை போட்டுவிட்டு வந்திருப்பது முகத்திலேயே தெரிந்தது. கணவருக்கு டாப் மாடல்தான் வேண்டும். மனைவிக்கு பேஸ் வாங்கி மெதுவாகப் போட்டுக்கொள்ளலாம் என்று எண்ணம். நான் வழக்கம்போலச் சலீம் பாயைக் கைகாட்டினேன். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே அவர் கேட்டார்:

"முதல்ல எங்க போகப் போறீங்கன்னு சொல்லுங்க, தென்னூர் மார்க்கெட்டுக்குத்தான்னா ரெண்டுமே அதிகம்."

கம்பெனியில் எல்லாம் போட்டு வாங்கியவர் இருப்பதைத் தெரிந்துகொள்ள வருகிறார், வெளியில் போட்டுக்கொண்டவர் போட்டதைக் கழற்ற வருகிறார், இரண்டு பேருக்கும் ஜாப் கார்டு எழுதிவிட்டு நான் ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போகிறேன்.