ஒன்பது டைட்டானியத் துண்டுகளோடு சாலைக் கம்போளத்தில்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை திருவனந்தபுரம் போனேன். கோயிலுக்கோ கடலுக்கோ இல்லை. ஒன்பது உலோகத் துண்டுகளை நசுக்க! டைட்டானியத்துக்குள் நுண்ணிய போரைடு ஊசிகளைக் கலந்து வலுவேற்றிய உலோகம் அது. கடும் சூட்டில் அமுக்கினால் எப்போது வளைந்து கொடுக்கும், எப்போது விரிசல் விடும் என்பதுதான் என் ஆராய்ச்சி. அப்படி நசுக்கும் மெஷின் திருவனந்தபுரத்தில் ஒரு ஆய்வகத்தில் இருக்கிறது. அதில் ஒரு முழு நாள் கிடைக்க நாலு மாதம் காத்திருக்கணும். ஆய்வேடு கொடுக்க எனக்கு மிச்சம் மூணே மாதம்.

நாகர்கோவில் வடசேரியில் காலை 5.20 பஸ், திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் 7.45. அங்கிருந்து ஆய்வகம் ஏழு கி.மீ., ஆட்டோ 180 ரூபாய். 850, 950, 1050 டிகிரி. ஒவ்வொரு சூட்டிலும் மூன்று வேகம். முதல் துண்டே விரிசல் விட்டது. மெஷினை இயக்கும் கரமனைக்காரர் ஹரி, "பேடிக்கண்டா மேடம், பயப்படாதீங்க, அதுவும் ரிசல்ட்தானே" என்றார். வாஸ்தவம்தான்.

நாலரைக்கு எல்லாம் முடிந்தது. தட்டில் வரிசையாக இருந்தவற்றை, பஸ் பிடிக்கிற அவசரத்தில் ஒரே டப்பாவில் கொட்டினேன். கொட்டின பிறகுதான் உறைத்தது: துண்டுகள் மேல் மார்க்கரில் எழுதின எண்கள் சூட்டில் எரிந்துபோயிருந்தன. விரிசல் விட்டதைத் தவிர மற்ற எட்டும் ஒரே மாதிரி மங்கிய வில்லைகள். எது எந்தச் சூட்டில் நசுங்கியது என்று தெரியாமல் மைக்ராஸ்கோப்பில் எதைப் பார்க்க? அழுகையே வந்துவிட்டது.

அப்புறம் நோட்டு ஞாபகம் வந்தது. நசுக்கும் முன் ஒவ்வொன்றையும் எடை போட்டு, அதன் சூடு, வேகத்தோடு எழுதியிருந்தேன். உருவம் மாறினாலும் எடை மாறாதே! ஆர்கான் வாயுவுக்குள் நசுக்கியதால் ஆக்சைடு ஏறி எடை கூடவும் செய்யாது. ஆனால் ஆய்வகத்தின் தராசு அறையைப் பூட்டிவிட்டார்கள். "சாலைக் கம்போளத்துல நகைக்கடை உண்டல்லோ" என்றார் ஹரி.

அந்தக் கடைத்தெருவுக்கு ஓடினேன். கடைக்காரர் நம்ம நாஞ்சில் நாட்டுக்காரர். "தங்கமும் இல்ல, வெள்ளியும் இல்ல. இது என்னவாக்கும் மக்களே?"

"என் பிஎச்டி, அண்ணாச்சி."

சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாக வைத்தார். ஏழு துண்டுகள் நோட்டோடு அச்சாகப் பொருந்தின. மிச்சம் ரெண்டும் 2.714 கிராம். நோட்டிலும் ரெண்டு துண்டுக்கு அதே எடை; எது எந்தச் சோதனை என்று பிரிக்க வழியில்லை.

"ரெண்டும் ஒண்ணுதானே? ஏதாவது எழுதிப் போடு."

"நீங்க குத்துமதிப்பா எடை சொல்வீங்களா?"

"அது எப்படி மக்களே!"

"எனக்கும் அதேதான்."

இப்படிப் போகிறவர்கள் துண்டுக்கு ஒரு கவர் கொண்டுபோங்கள். சூட்டையும் வேகத்தையும் கவரின் மேல் எழுதுங்கள். எண்ணைத் துண்டில் எழுதி நம்பாதீர்கள். தம்பானூரில் திரும்பி வர ராத்திரி 7.10க்கு பஸ் உண்டு.

அந்த பஸ்ஸில் உட்கார்ந்தே ஹரிக்கு போன் போட்டேன். வீட்டில் நசுக்காத துண்டு ரெண்டு மிச்சம் இருந்தது; குழம்பின அந்த ரெண்டு சோதனையையும் அவற்றில் திரும்பச் செய்யலாம். வியாழக்கிழமை முதல் ஆள் வருவதற்குள் ஒரு மணி நேரம் தருகிறேன் என்றார். மறுபடி அதே 5.20 பஸ். கையில் ரெண்டே துண்டு, ரெண்டு கவர்.