பிரேக் பிடிக்கக் கூடாத கேட்

மழைக்காலத்தில் சைக்கிள் கடைக்கு வருவது முக்கால்வாசி தேய்ந்த பிரேக் கட்டை. மீதி, கட்டை தேய்ந்தது தெரியாமல் விழுந்து எழுந்தவர்கள். ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும் சைக்கிள் மிதித்து வேலைக்குப் போகிறவர்களே, உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? ரிம்மில் ஈர மணல் ஒட்டுகிறது. பிரேக் பிடிக்கப் பிடிக்க அந்த மணல் ரப்பரை அரைத்துத் தின்கிறது. வெயில் காலம் முழுக்கத் தாங்கிய கட்டை கிறிஸ்துமசுக்கு முன்னாலேயே வெறும் இரும்பாகி நிற்கிறது.

நான் எட்டாவதோடு நின்றவள். பிள்ளைகள் கல்யாணமாகிக் கோயம்புத்தூரில் இருக்கிறார்கள். வீட்டுக்காரர் பட்டாசுக் கம்பெனி வேன் ஓட்டப் போன பிறகு, ஆனைக்குட்டத்தில் அவர் வைத்திருந்த சைக்கிள் கடை என் கைக்கு வந்தது. காலையில் செபமாலை சொல்லி முடித்துவிட்டுத்தான் ஸ்பானரைத் தொடுவேன். போன மழைக்காலத்தில் நான் சொன்ன செபத்தில் பாதி முத்துலட்சுமிக்கே போய்விட்டது.

செருப்புக்கு வைத்தியம்

முத்துலட்சுமி பட்டாசுக் கம்பெனியில் திரி வைக்கிறவள். புருஷன் முதுகு ஒடிந்து படுக்கையில் இருக்கிறார். இவள் ஒருத்தி வேலைக்குப் போனால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும். கம்பெனி வேன் அவள் தெருப்பக்கம் வராது. அதனால் சைக்கிள்.

ஒரு நாள் மழையோடு வந்து நின்றாள். பிரேக் கட்டையைப் பார்த்தேன். ரப்பர் காகிதம் மாதிரி இருந்தது. மாற்றிவிடலாம் என்று கழற்றப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டாள். புதுக்கட்டைக்குக் காசில்லை, இருக்கிற ரப்பரும் போய்விடக் கூடாது என்று அவள் பிரேக்கைத் தொடுவதே இல்லையாம். காலை மண்ணில் தேய்த்துத்தான் நிறுத்துகிறாளாம். இடது செருப்பைக் கழற்றி என் மேசை மேல் வைத்தாள். குதிகால் பக்கம் ஓட்டை வழியாக மேசை தெரிந்தது.

"யக்கா, கட்டைய விடுங்க, அது பாட்டுக்குக் கெடக்கட்டும். இந்தச் செருப்புக்கு அடியில பழைய டயரு வச்சுத் தச்சுக் குடுங்க, போதும்."

வாசலில் ஒரு பொறி

மெயின் ரோட்டிலிருந்து அவள் கம்பெனி கேட்டுக்கு நேராக இறங்குகிற ஒரு மண்சரிவு உண்டு. மார்கழிப் பனியில் ஒரு விடியற்காலை நான் தைத்துக் கொடுத்த டயர் செருப்பு அங்கே வழுக்கிவிட்டது. வேறு வழியில்லாமல் பிரேக்கைப் பிடித்திருக்கிறாள். பிடித்த பிடியில் அந்தக் காகித ரப்பரும் கிழிந்துபோய், இரும்பு ரிம்மில் உரசியது. கிரீச்சென்று ஒரு சத்தம், கூடவே ஒரு பொறி. வேறு ஊரென்றால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். இது தீப்பெட்டியும் செல்போனும் கேட்டிலேயே வாங்கி வைக்கிற இடம். வாட்ச்மேன் ஞானமுத்து அண்ணாச்சி மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டார்.

அன்றைக்கே போர்மேன் உத்தரவு போட்டார்: சரிவு தொடங்கி உள்ளே வரைக்கும் ஒருத்தரும் பிரேக் பிடிக்கக் கூடாது, முத்துலட்சுமி சைக்கிளில் இன்னொரு தடவை பொறி பறந்தால் அவள் இடத்துக்கு வேறு ஆள். மேலேயே இறங்கி உருட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. இவர்களுக்கும் தோன்றவில்லை. மறுநாள் காலையில் பெண்கள் வரிசையாக, உத்தரவு மீறாமல், சரிவில் இறங்கி வந்தார்கள். முதல் சைக்கிள் அண்ணாச்சியின் நாற்காலியை எடுத்துக்கொண்டு போனது. இரண்டாவது அண்ணாச்சியையே எடுத்துக்கொண்டு போனது. மணல் வாளிகளுக்கு நடுவிலிருந்து எழுந்து, வேட்டியை உதறிக்கொண்டு அவர் கேட்டாராம்:

"ஏம்மா, பிரேக்கு பிடிக்க வேணாம்னுதான சொன்னோம். நிக்க வேணாம்னா சொன்னோம்?"

நனைந்த சாக்கு

வேலை போய்விடுமோ என்ற பயம் முத்துலட்சுமியைத் தூங்கவிடவில்லை. என்னிடம் வந்து, பிரேக் கட்டை நாலையும் கழற்றிவிட்டு அந்த இடத்தில் நனைந்த சாக்கைச் சுற்றித் தரச் சொன்னாள். கம்பெனியில் பொறி பறக்காமலிருக்க அறை வாசலுக்கெல்லாம் நனைந்த சாக்குத்தான் போட்டிருக்கிறார்களாம். ரப்பரில் பொறி வராது தாயி, புதுக்கட்டை போட்டுத் தருகிறேன், காசு பிறகு பார்க்கலாம் என்று கெஞ்சினேன். அவள் கேட்கவில்லை. எதுவும் எதோடும் உரசக் கூடாது என்று எத்தனை வருஷமாக அவளுக்கு வகுப்பெடுத்திருக்கிறார்கள். ரப்பர் மட்டும் உரசலாம் என்று அதில் யாரும் சொல்லவில்லையே என்றாள்.

வீட்டிலேயே அவளாகக் கட்டையைக் கழற்றி, பிரேக்கில் சாக்கைச் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நல்லவேளை, சரிவு வரைக்கும் போகவில்லை. கடைக்கு நூறடி முன்னாலேயே சாக்கு சக்கரத்தில் சுருட்டிக்கொள்ள, சீமைக்கருவேலம் புதருக்குள் போய் விழுந்தாள். மாதாவே என்று ஓடினேன். எலும்புக்கு ஒன்றுமில்லை. கடையில் உட்கார வைத்து முதுகில் முள் எடுத்துக்கொண்டிருந்தேன். அவள் சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாக்கு நல்லாத்தான் பிடிச்சிச்சுக்கா. சைக்கிளு அங்கனயே நின்னுருச்சு. நான்தான் நிக்கல."

நான் ஓட்டிக் காட்டியது

அதற்குப் பிறகு புதுக்கட்டைக்குச் சம்மதித்தாள். ஆனால் போர்மேன் சம்மதிக்கவில்லை. பொறி வராது என்பதைக் கண்ணால் பார்த்தால்தான் அவளை உள்ளே விடுவேன் என்றார். முத்துலட்சுமி சைக்கிளை என் பக்கம் தள்ளினாள். ஓட்டிக் காட்ட நான் வருகிறேன் என்றேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேட்டில் சைக்கிளோடு நின்றேன். கீழே கேட்டுக்கு முன்னால் போர்மேன். பக்கத்தில் ரிம்மைப் பார்ப்பதற்காகத் தரையோடு தரையாகக் குந்தியிருந்த ஞானமுத்து அண்ணாச்சி. அவர்களுக்குப் பின்னால் வேலைக்குப் போகாமல் அத்தனை பெண்களும்.

பனியில் ரிம் நனைந்திருந்தது. நனைந்த ரிம் முதல் பிடியில் வழுக்கும். ஈரத்தைத் துடைத்த பிறகுதான் கட்டை கவ்வும். உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் பாதிச் சரிவில் பயம் வந்தவுடனே என் வலது கை, பழக்கத்தில், சிலுவை போடப் போய்விட்டது. இடது கையால் மட்டும் பிடித்தேன். வழுக்கியது. மறுபடி பிடித்தேன். 'அருள் நிறைந்த மரியே' சத்தமாகவே வந்தது. போர்மேன் இந்தப் பக்கம் நகர்ந்தார், அந்தப் பக்கம் நகர்ந்தார், பிறகு அப்படியே நின்றுவிட்டார். அவருடைய இரண்டு முழங்காலுக்கும் நடுவில் முன்சக்கரம் போய், சத்தமில்லாமல் நின்றது.

தரையிலிருந்து அண்ணாச்சி, "பொறி ஒண்ணும் இல்ல சார்" என்றார். போர்மேன் மெதுவாக ஒரு காலை எடுத்தார், பிறகு இன்னொரு காலை எடுத்தார். முத்துலட்சுமியைப் பார்த்து உள்ளே போகச் சொல்லிக் கையைக் காட்டினார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"அவுக தெனமும் சைக்கிள்ல வரட்டும்மா, தடையில்ல. நீங்க மட்டும் இனிமே இங்கிட்டு சைக்கிள்ல வராதீக."

இப்போது முத்துலட்சுமி தினமும் பிரேக் பிடித்து, கேட்டில் அழகாக நின்று உள்ளே போகிறாள். கட்டை தேய்ந்து கம்பெனியிலிருந்து கூப்பிட்டால், சைக்கிள் கடைக்காரி நான்தான் ஸ்பானரைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தச் சரிவில் நடந்து இறங்குகிறேன்.