மெயின் இறங்கிய பிறகு

முதலில் சட்டைப் பை. பிறகு வேட்டி மடிப்பு. அப்புறம் இரண்டு கைகளாலும் தொடைகளை மேலிருந்து கீழாகத் தட்டிப் பார்த்துக்கொள்வார். வங்கியானாலும் கல்யாண மண்டபமானாலும் சொந்த வீடானாலும், படியில் நின்று தன்னைத் தானே சோதனை போடாமல் அப்பா உள்ளே நுழைவதில்லை. தீப்பெட்டி இல்லை, பீடி இல்லை, செல்போன் இல்லை. கடைசியாகச் செருப்பைக் கழற்றுவார். அடியில் ஆணி ஏதும் துருத்திக்கொண்டிருக்கிறதா என்று புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஓரமாக வைப்பார்.

அப்பா பெயர் செந்தூர்பாண்டி. வயது அறுபத்து மூன்று. எம். புதுப்பட்டியைச் சுற்றியுள்ள பட்டாசுத் தொழிற்சாலைகளில், எங்கள் ஊர்ப் பேச்சில் பயர் ஆபீஸ்களில், முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்தவர். கடைசி இருபது வருடம் போர்மேன். வேலையை விட்டுப் பத்து மாதம் ஆகிறது. வேலை அவரை இன்னும் விடவில்லை. செல்போனை வீட்டுக்குள் கொண்டுவர மாட்டார். கேட்டின் உட்பக்கம் ஒரு பிஸ்கட் டின்னைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார். போன் அதற்குள் கிடக்கும். அடித்தால் எதிர்வீட்டுக்குக் கேட்கும், அவருக்குக் கேட்காது.

"உங்கப்பனுக்கு நீ போன் போட்டா நான்லா அடுப்ப விட்டுட்டு ஓடியாற வேண்டியிருக்கு," என்பார் எதிர்வீட்டுச் செல்லக்கனி அத்தை. "எனக்கு மாசச் சம்பளம் போட்டுக் குடு, பிள்ள."

பயர் ஆபீசின் வாசலிலும் அப்படி ஒரு பெட்டி உண்டு. மரப்பெட்டி. காலையில் எல்லோரும் போனை அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். போன ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் 2.10க்கும் 2.25க்கும் நடுவே அம்மா அப்பாவை நான்கு முறை அழைத்திருக்கிறாள். போன் பெட்டிக்குள் கிடந்து அடித்திருக்கிறது. 5.40க்கு அப்பா வீடு திரும்பியபோது அம்மா குளியலறைத் தரையில் கிடந்தாள். மாரடைப்பு என்றார்கள். என் அம்மா பெயர் பொன்மணி. வயது ஐம்பத்தேழு.

மறுவாரமே அப்பா வேலையை விட்டார். நான் கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் மோட்டார்களுக்கான கட்டுப்பாட்டுப் பலகை வடிவமைக்கிறேன். மூன்று மணி நேரம் பதினைந்து நிமிடம் அம்மா யாருக்கும் தெரியாமல் கிடந்தாள். அப்பா இப்போது அதே வீட்டில் தனியாக இருக்கிறார், போனைக் கேட்டில் வைத்துவிட்டு. வீட்டுக்குக் கேமரா வைக்கலாம் என்றேன். பக்கத்துத் தெருவில் திருட்டு நடந்ததாகக் காரணம் சொன்னேன். அப்படி எதுவும் நடக்கவில்லை.

"திருடன் வந்து என்னத்த எடுப்பான், உங்கம்மா சேலையவா?" என்றார் அப்பா. பிறகு, "சரி, ஆளை வரச் சொல்லு. நான் பாத்து வாங்குறேன்," என்றார்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இருக்கும்போது சிவகாசியிலிருந்து ஸ்ரீராம்குமார் வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். கையில் வண்ண அட்டைகள், தோளில் வயர்ச் சுருள். அப்பா அவரைப் படியிலேயே நிறுத்தினார்.

"பையில என்ன தம்பி?"

"லைட்டரு, அண்ணாச்சி."

"கேட்டுல ஒரு டின்னு இருக்கும். அதுல போட்டுட்டு வாங்க."

ஸ்ரீராம்குமார் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். போட்டுவிட்டு வந்தார்.

"இது இருட்டுலயும் படம் புடிக்கும், அண்ணாச்சி."

"இருட்டுல இங்கன யாரு வாரா?"

"யாராச்சும் வந்தாப் பாக்கலாம்லா."

"பாத்து?"

ஸ்ரீராம்குமார் அடுத்த அட்டையை எடுத்தார். நான்கு கேமரா, ஒரு பதிவுப் பெட்டி, ஒரு மாதம் வரை படம் தங்கும், மகள் கோயம்புத்தூரில் இருந்தே பார்த்துக்கொள்ளலாம். அப்பா அட்டையைப் பார்க்கவே இல்லை. வயர்ச் சுருளின் நுனியை எடுத்துக் கட்டைவிரல் நகத்தால் தோலுரித்தார். உள்ளே இருந்த கம்பியைச் சட்டைப் பொத்தானில் உரசினார். செம்பு நிறம் போய் வெள்ளையாக வந்தது.

"இது செம்பு இல்லையே. முலாம்லா பூசியிருக்கு."

"கேமராவுக்கு இது போதும், அண்ணாச்சி. எல்லாரும் இதத்தான் போடுறோம்."

"கேமராவுக்குப் போதும். வீட்டுக்குப் போதுமா?"

அசல் செம்பு வயர், குழாய்க்குள் ஓட்ட வேண்டும், நடுவில் எங்கேயும் ஒட்டுப் போடக் கூடாது என்று முடிவாயிற்று. விலை இருபத்தோராயிரத்து ஐந்நூறு. நான் அனுப்பிவிடுகிறேன் என்று போனை எடுத்தேன். அப்பா கையைக் காட்டித் தடுத்தார்.

"வீடு என் பேருல இருக்கு. பாதி இப்பத் தாரேன். பாதி தீபாவளி கழிச்சு."

எங்கள் பகுதியில் பட்டாசு லோடு அப்படித்தான் போகும். சரக்கு முன்னால், பணம் தீபாவளிக்குப் பின்னால். கேமராவுக்கும் அதே வழக்கத்தை அப்பா வைத்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, இது என்ன வெடிச்சுப் பாத்துட்டுத் துட்டு குடுக்குற சரக்கா?"

"வேலை செய்யுதான்னு பாக்கணும்லா."

"வேலை செஞ்சா திருடன் வர மாட்டான். அவன் வரலைன்னா நீங்க வேலை செய்யலைம்பீக. நான் எப்பத்தான் துட்டப் பாக்குறது?"

அப்பா சிரித்தார். அம்மா போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். மின்னலைத் தாங்குகிறதா என்று ஒரு இடிமழை பார்த்துவிட்டு மீதியைத் தருவதாகச் சொன்னார். பத்தே நாளில் கோடை மழை இடியோடு வந்தது. மறுநாள் அவரே சிவகாசிக்கு பஸ் ஏறிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

கேமராக்களை கேட்டில் ஒன்று, பக்கச் சந்தில் ஒன்று, பின்வாசலில் ஒன்று என்று வைத்தோம். நான்காவதைக் கூடத்தில் வைக்கச் சொன்னேன்.

"வீட்டுக்குள்ள என்னத்துக்கு? நான் என்ன களவாணியா?"

"இருக்கட்டும்ப்பா."

என் முகத்தைப் பார்த்தார். ஏணியை அவரே பிடித்துக்கொண்டார்.

கோயம்புத்தூர் திரும்பிய மறுநாள் மாலை 4.15க்கு என் போனில் நான்கு கட்டங்களும் ஒரே நேரத்தில் கறுப்பாயின. தொடர்பு இல்லை என்று வந்தது. அப்பாவை அழைத்தேன், எடுக்கவில்லை. மூன்றாவது முறை செல்லக்கனி அத்தை எடுத்தார். "டீக்கடைக்குப் போயிருக்காக. இப்பத்தான் போறதப் பாத்தேன்." 6.05க்குப் படம் திரும்பியது. அடுத்த நாளும் அதேபோல. அதற்கடுத்த நாளும். பதிவுப் பெட்டியைச் சந்தேகப்பட்டேன், மின்மாற்றியைச் சந்தேகப்பட்டேன். நான்கும் ஒரே நொடியில் அணைகின்றன என்றால் பழுது எதிலும் இல்லை. மேலே மின்சாரம் நிற்கிறது.

அப்பா வெளியே போகும்போது மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுப் போகிறார்.

ஒரு மாதம் போன பிறகு முப்பது நாள் பதிவையும் ஓட்டிப் பார்த்தேன். ஆளில்லாத வீடு ஒரு நொடிகூட அதில் இல்லை. வீட்டைக் காக்க வைத்த நான்கு கேமராக்களும் அப்பாவை மட்டுமே படம் பிடித்திருந்தன. அவர் நின்றுகொண்டே சாப்பிடுகிறார். தட்டைக் கழுவி, துடைத்து, அதே இடத்தில் கவிழ்க்கிறார். டி.வி.யைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு அதற்கு முதுகு காட்டி உட்கார்கிறார். எங்கேயோ வெடிச் சத்தம் கேட்டிருக்க வேண்டும். சில நாள் சட்டென்று எழுந்து பின்வாசலுக்குப் போய், பயர் ஆபீஸ்கள் நிறைந்த விஸ்வநத்தம் இருக்கும் திசையில் வானத்தைப் பார்க்கிறார். புகை இல்லை என்றால் திரும்பி வருகிறார்.

கேமராவுக்கு மட்டும் தனியாக ஒரு யு.பி.எஸ். வாங்கி அனுப்பினேன். மெயின் நின்றாலும் மூன்று மணி நேரம் தாங்கும். மறுநாள் அவரே அழைத்தார்.

"தாயி, மெயினை எறக்குன பெறகும் டி.வி.க்குக் கீழ ஒரு பச்சை லைட்டு முழிச்சுக்கிட்டு இருக்கு. அது எங்கன இருந்து தின்னுது?"

"உள்ள பேட்டரி இருக்குப்பா."

"அப்ப எறக்குனதுக்கு அர்த்தமே இல்லையே," என்றார். அன்று வெளியே போகாமலே அதைக் கழற்றிப் பின்கட்டில் வைத்துவிட்டார்.

காரணம் எனக்குத் தெரியும். பதினான்கு வருடத்துக்கு முன் நடந்தது. வெடிமருந்து வேலை நடக்கும் அறைகளுக்கு மின்சாரமே கிடையாது. ஆனால் காகிதமும் அட்டைப்பெட்டியும் அடுக்கும் குடோனுக்கு உண்டு. அது பங்குனி மாத ஞாயிறு, வேலை இல்லாத நாள். ஏதோ கணக்குப் பார்க்கப் போன அப்பா மதியம் கிளம்பும்போது, வாட்ச்மேன் கருப்பணன் கேட்டிருக்கிறார்: "போர்மேன், காத்தாடி மட்டும் ஓடட்டும். தகரம் கொதிக்கி." ஓடட்டும் என்று அப்பா மெயினை இறக்காமல் வந்துவிட்டார். கருப்பணன் காகிதக் கட்டுகளுக்கு நடுவே படுத்துத் தூங்கினார். மூன்று மணிக்கு மின்விசிறி மோட்டார் எரிந்து காகிதத்தின் மேல் விழுந்தது. கருப்பணன் வெளியே வரவில்லை.

மின்கசிவு என்று எழுதினார்கள். யாரும் அப்பாவைக் குறை சொல்லவில்லை. கல்லூரியில் படிக்கும்போது அந்த விபத்தின் காரணத்தை, சுருள் சூடாவதிலிருந்து தீ பிடிப்பது வரை, ஒரு தாளில் வரிசையாக எழுதி அவரிடம் காட்டினேன். பழுது மின்விசிறியில்தான், உங்களிடம் இல்லை என்று காட்டத்தான் எழுதினேன். பொறுமையாகப் படித்தார். "நான் மெயினை எறக்கலையே, தாயி," என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

இவ்வளவும் தெரிந்தும், வைகாசிக் கடைசியில் ஒருநாள் கட்டங்கள் கறுப்பாகி ஏழு மணி வரை திரும்பாதபோது நான் பொறுமை இழந்தேன். அன்று அவர் யாருடனோ பேசிக்கொண்டே நேரம் போனது தெரியாமல் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறார். அவ்வளவுதான். திரும்பி வந்து டின்னில் போனைப் பார்த்துவிட்டு அழைத்தார்.

"வெளிய போகும்போது அமத்துறதுக்கா இருபத்தோராயிரம் குடுத்தீங்க?" என்று கத்தினேன். "திருடனுக்காக நான் அத வைக்கலப்பா. கறுப்பா ஆனா நான் என்னன்னு நெனைக்கிறது? அன்னைக்கு மாதிரி நீங்களும் விழுந்து கெடக்கீங்களா, இல்ல டீ குடிக்கீங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

டின் மூடியைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"சரி, தாயி. இனிமே எறக்கல."

சொன்னபடி செய்தார். பன்னிரண்டு நாள் கட்டங்கள் கறுப்பாகவே இல்லை. நான் வேலையின் நடுவே ஒரு தடவை பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். பதின்மூன்றாம் நாள் காலை செல்லக்கனி அத்தை அழைத்தார்.

"ஏ பிள்ள, உங்கப்பாவுக்கு வாட்ச்மேன் வேலையா போட்டுக் குடுத்துருக்க?"

"என்ன அத்தை?"

"வீட்ட விட்டு எறங்கவே மாட்டேங்காக. பாலும் மாவும் நான்தான் வாங்கிக் குடுக்கேன். டீக்கடையில, செந்தூர்பாண்டி படுத்துட்டாரான்னு கேக்குறாங்க. நேத்து நான், எங்கூட்டு விசேஷத்துக்காச்சும் வாங்கண்ணேன்னு சொன்னேன். வீட்டுல கரண்டு இருக்குங்காக. எந்த வீட்டுலதான் கரண்டு இல்ல?"

பதிவை ஓட்டினேன். நான் பார்த்திருக்க வேண்டியது அது. கூடத்துச் சுவரில் மீட்டர் பெட்டி, அதன் கீழே பிளாஸ்டிக் நாற்காலி, நாற்காலியில் அப்பா. நான்கு மணிக்கு உட்கார்கிறார். ஆறு மணிக்கு எழுந்திருக்கிறார். பன்னிரண்டு நாளும் அப்படியே. முன்பு டீக்கடையில் கழித்த நேரத்தை அவர் அந்தப் பெட்டிக்குக் காவல் இருந்து கழித்திருக்கிறார்.

சனிக்கிழமை மாலை வீட்டுக்குப் போனபோதும் அங்கேதான் இருந்தார். கன்னம் ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தார். சாப்பிட்டாயா என்று கேட்டார்.

"டீ குடிக்கப் போலாம், வாங்கப்பா."

"நீ போயிட்டு வா. வீட்டுல கரண்டு இருக்கு." தொட்டிலில் பிள்ளை தூங்குகிறது என்பதுபோலச் சொன்னார்.

நான் நாற்காலியை நகர்த்திவிட்டுக் கையை உயர்த்தி மெயினை இறக்கினேன். மின்விசிறி மெதுவாகச் சுற்றி நின்றது. அடுக்களையில் பிரிட்ஜ் ஒருமுறை உதறி அடங்கியது.

"உனக்குக் கறுப்பா ஆயிருமே, தாயி."

"ஆகட்டும்ப்பா."

"நாளைக்கு நீ ஊருக்குப் போன பெறகு?"

"அப்பவும் எறக்கிட்டே போங்க."

பிறகு சட்டையை எடுத்து மாட்டினார். வாசலுக்கு வருவார் என்று நான் செருப்பைப் போட்டுக்கொண்டேன். அவர் வரவில்லை. உள்ளேயிருந்து குரல் கேட்டது. வீட்டில் நான் கேட்டிராத, உரத்த, வேலைக் குரல்; சாயங்காலம் ஒவ்வொரு அறையாகப் பூட்டும் முன் போர்மேன் கொடுக்கும் குரல்.

"ஆள் இருக்கா?"

எட்டிப் பார்த்தேன். கூடத்தின் நடுவே நின்றுகொண்டிருந்தார்.

"நான்தான் இருக்கேன்ப்பா."

"நீ வெளிய நில்லு."

மெயின் இறங்கிய பிறகு நடப்பது எந்தக் கேமராவிலும் பதிவாகியிருக்க வழியில்லை. அடுக்களைக் கதவில் நின்று அதையே கேட்டார். இரண்டு வரை எண்ணும் நேரம் பொறுத்தார். படுக்கையறைக் கட்டிலுக்கு அடியில் குனிந்து கேட்டார். பின்கட்டில் கேட்டார். ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டே வந்தார்.

கடைசியாகக் குளியலறைக் கதவைத் தள்ளித் திறந்தார். அங்கே குரலை உயர்த்தவில்லை.

"ஆள் இருக்கா?" என்றார். கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு எண்ணும் நேரம் போயிற்று, பத்து எண்ணும் நேரமும் போயிற்று. கதவைச் சாத்தவில்லை.