நான்கு விரல் துணி

எங்கள் வீட்டில் ஒரு துப்பாக்கி இருக்கிறது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. திருத்தணியில் ஒரு தனியார் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவள் நான். வயது நாற்பதைத் தொடப்போகிறது, பல்லியைக் கண்டால் இன்னும் நாற்காலிமேல் ஏறிவிடுவேன். அதன் லைசென்ஸ் என் பெயரில்தான் இருக்கிறது. அதில் ஒட்டியிருக்கும் புகைப்படத்தில், ஏற்கெனவே யாரையோ சுட்டுவிட்டவள் மாதிரி முழிக்கிறேன்.

துப்பாக்கி என் அப்பாவுடையது, நைனா என்றுதான் கூப்பிடுவேன். பாயின்ட் டூ டூ ரைஃபிள், சுண்டுவிரல் நுழையாத குழாய். வேர்க்கடலைக் கொல்லைக்கு வரும் பன்றிகளைச் சத்தம் காட்டி விரட்ட வாங்கினார். பன்றிகள் பயந்ததாகத் தகவல் இல்லை. அவர் போன பிறகு அதைப் போலீசில் ஒப்படைத்துத் தலைமுழுகிவிடலாம் என்றேன். அம்மா அழுது தெருவைக் கூட்டினாள். "அவர் போன கையோட அவர் சாமானையும் தூக்கிக் குடுத்துடுவியா?" ஒரே பெண் என்பதால் லைசென்ஸ் என் பெயருக்கு மாறியது. புலிவாலைப் பிடித்த கதைதான்.

அதற்குப் பிறகு நான் எங்கே போகிறேன் என்றாலும் அம்மா அதையே சொன்னாள். "லைசென்ஸ்காரி இல்லாத வூட்ல துப்பாக்கிய வெச்சிட்டுப் போவக் கூடாது. அட்ரஸ் இந்த வூடுதானே போட்டுக்கீது?" தோழியின் மகளுக்கு மதுரையில் கல்யாணம், போகவில்லை. பள்ளிச் சுற்றுலா ஊட்டிக்கு, அதற்கும் போகவில்லை. முருகனாவது ஒருமுறை கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போய் மலைமேல் நின்றவர். எனக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை.

இந்தத் தேர்தலுக்கு முன்னால் கோயம்புத்தூரில் ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. நல்ல பள்ளி, தங்க இடமும் தருகிறார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அந்த வாரமே ஸ்டேஷனிலிருந்து வழக்கமான அறிவிப்பும் வந்தது. லைசென்ஸ் துப்பாக்கிகளை எல்லாம் தேர்தல் முடியும்வரை ஒப்படைக்க வேண்டும், சனிக்கிழமை மாலை ஐந்து மணி கடைசி. எனக்கு உள்ளுக்குள் ஒரே குதியாட்டம். இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. துப்பாக்கியோடு சேர்த்து, 'இனி எனக்கு லைசென்ஸ் வேண்டாம், நிரந்தரமாக ஒப்படைக்கிறேன்' என்று ஒரு கடிதமும் கொடுத்துவிடலாம். அம்மா வந்தால் அழைத்துக்கொண்டு போவேன், மாட்டேன் என்றால் ஆர்.கே.பேட்டையில் சித்தி இருக்கிறாள். கடிதத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு லைசென்ஸ் புத்தகத்துக்குள் மடித்து வைத்தேன். அம்மாவிடம் மூச்சு விடவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் அம்மாவே பீரோவைத் திறந்து துப்பாக்கியை எடுத்து வந்தாள். "தொடைச்சிக் குடு. அழுக்கா குடுத்தா உங்க நைனா மானந்தான் போவும்."

துடைக்கத்தான் வேண்டும். ஸ்டேஷன் ரைட்டர் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் வாங்கமாட்டார். போன தேர்தலில் ஒரு விவசாயி கொண்டுவந்த துப்பாக்கியில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. "அடைச்ச துப்பாக்கிய நான் வாங்கிக்கினா, நாளைக்கு நான்தான் கெடுத்தேன்னு சொல்வ" என்று திருப்பி அனுப்பினார். அந்த ஆள் அதைச் சரிசெய்யச் சென்னைக்கு ஓடினார். மாநில எல்லைக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில் பழுது பார்க்கிறவர் இருந்தும் பயனில்லை. எங்கள் லைசென்ஸ் தமிழ்நாட்டுக்குள் மட்டும்தான் செல்லும்.

வேலை ஒன்றும் பெரிதல்ல. குண்டு இல்லை என்று பார்த்துவிட்டு, குழாயின் பின்பக்கத்தை மூடியிருக்கும் போல்ட்டைக் கழற்ற வேண்டும். நுனியில் பித்தளை எடை கட்டிய கயிற்றைப் பின்பக்கமாக விட்டால் குழாயின் வாய் வழியாக வெளியே வரும். கயிற்றின் மறுமுனைக் கண்ணியில் எண்ணெய் தொட்ட துணியைக் கோத்து ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். துணி நான்கு விரல் நீளம், இரண்டு விரல் அகலம், ஒற்றை மடிப்பு. நைனாவின் பழைய பொதட்டூர்பேட்டை லுங்கியிலிருந்து அம்மாதான் வெட்டித் தருவாள். அன்றைக்கும் தந்தாள், சுருட்டி, எண்ணெய் தொட்டு, தயாராக. நான் பார்க்காமல் கண்ணியில் கோத்தேன். மனசெல்லாம் கோயம்புத்தூரில் இருந்தது.

பாதிவரை வந்தது. அப்புறம் அசையவில்லை. காலை உதைத்துக்கொண்டு இழுத்தேன். கயிறு பட்டென்று அறுந்தது, நான் மல்லாந்து விழுந்தேன். குழாய்க்குள் பார்த்தால் கும்மிருட்டு.

மணி இரண்டரை. ஊதினேன், தட்டினேன், துடைப்பக் குச்சியை விட்டேன். குச்சியும் உள்ளே ஒடிந்தது. பிறகு துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கி, ஒடிந்த குச்சியை மட்டும் விழவைத்தேன். மின்விசிறிக்குக் கீழேயே வியர்வை ஊற்றியது. அம்மா சுவரோரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "போனாப் போவுது வுடு. எலெக்ஷன் முடியட்டும், மெதுவா பாத்துக்கலாம்."

"இன்னாம்மா மெதுவா? இன்னிக்குக் குடுக்கலன்னா கேஸ் போடுவாங்கம்மா! கேஸ் போட்டா எந்த ஸ்கூல்லயும் என்னைச் சேர்க்கமாட்டாங்க. இங்க இருக்கறதும் போவும்!" சொல்லிக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. சின்னப் பிள்ளைபோலத் தரையில் உட்கார்ந்து, துப்பாக்கியை மடியில் போட்டுக்கொண்டு, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன். இந்த வீட்டிலேயே கிடந்து சாகப்போகிறேன் என்றுதான் தோன்றியது. அதை வாய்விட்டும் சொன்னேன்.

அம்மா எழுந்து உள்ளே போனாள். வரும்போது கையில் ஒரு குடைக்கம்பி இருந்தது. நுனியில் நூலை நெருக்கமாகச் சுற்றியிருந்தாள், குழாய் கீறக் கூடாதாம். தையல் மெஷின் எண்ணெயைக் குழாயின் வாயில் சொட்டுச் சொட்டாக விட்டாள். கொஞ்ச நேரம் பொறுத்தாள். "வந்த வழியாவே திருப்பி அனுப்பணும்" என்று சொல்லிக் கம்பியை வாய்ப்பக்கமாக விட்டு உள்ளங்கையால் தட்டினாள். நாலாவது தட்டில் துணி பின்பக்கமாகப் பொத்தென்று விழுந்தது.

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"உங்க நைனா எங்க தொடைச்சாரு? வாங்கின நாள்லேர்ந்து நான்தான் தொடைச்சிக்கினு கீறேன்."

நான் துணியை எடுத்துப் பிரிக்கப் பார்த்தேன். ஒற்றை மடிப்பு இல்லை, மூன்று மடிப்பு. பிரியாமல் இருக்கக் கறுப்பு நூலால் ஓரம் தைத்திருந்தது. நெருக்கமான, அழகான தையல். தெரியாமல் நடந்ததாக நினைக்க வழியே இல்லை.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அம்மா குடைக்கம்பியிலிருந்து நூலைப் பிரித்துக்கொண்டே சொன்னாள். "புக்குல வெச்சிருந்த லெட்டரை முந்தாநாளே பாத்துட்டேன். இது இருக்கறவரைக்கும் நீ இருப்பேன்னுதானே உன் பேருக்கே மாத்தச் சொன்னேன். எனக்கு இந்தச் சனியன் மேல ஆசையா? நீயும் போயிட்டா நான் யார் மூஞ்சியப் பாத்துக்கினு சோறு துன்றது?"

சரியான ஆத்திரம், துப்பாக்கியைத் தெருவில் வீசலாம் என்று வந்தது. அம்மாவுக்குக் கம்பியிலிருந்து நூல் பிரியவே இல்லை. வாங்கி நானே பிரித்துக் கொடுத்தேன். பிறகு முகம் கழுவி, சேலை மாற்றி, துப்பாக்கியை உறையில் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்தேன்.

ஸ்டேஷனில் நாலே முக்கால். ரைட்டர் குழாயை ஜன்னல் பக்கம் தூக்கி ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "இன்னா டீச்சர், கண்ணாடி மாதிரி கீதே! எல்லாரும் உங்கள மாதிரி வெச்சிக்கினா எனக்கு இன்னா வேல?" ரசீது எழுதினார். "எலெக்ஷன் முடிஞ்சதும் வந்து வாங்கிக்கினு போங்க. வேற ஏதாவது குடுக்கணுமா?"

லைசென்ஸ் புத்தகம் மேசைமேல் இருந்தது. கடிதத்தின் ஓரம் வெளியே தெரிந்தது. இரண்டு விரலால் இழுத்தால் வந்துவிடும். "இல்லீங்க" என்று சொல்லிப் புத்தகத்தை எடுத்துப் பைக்குள் போட்டேன். திங்கட்கிழமை கோயம்புத்தூருக்கு ஃபோன் செய்து, வீட்டுச் சூழ்நிலை சரியில்லை என்றேன். அவர்கள் ஏன் என்று கேட்கவில்லை.

சனிக்கிழமை ஸ்டேஷனிலிருந்து வீடு திரும்பியபோது அம்மா காபி போட்டு வைத்திருந்தாள். ரசீதை வைக்கப் பீரோவைத் திறந்தேன். துப்பாக்கி இருந்த இடத்தில், திரும்பி வந்ததும் துடைப்பதற்காக, லுங்கித் துண்டு ஒன்றை வெட்டி வைத்திருந்தாள். விரலை வைத்து அளந்து பார்த்தேன். நான்கு விரல் நீளம், இரண்டு விரல் அகலம், ஒற்றை மடிப்பு. அளவு ரொம்பச் சரியாக இருந்தது.